வீட்டுக்கு நாலு ஊசி

மூன்றாவது முறை மருந்து ஏற்றியதோடு கண்ணகையின் தலைமுடி முழுவதும் கொட்டிப்போயிற்று. மார்பில் புற்றுநோய். மூன்று கிழமைக்கு ஒருதரம் குருக்கள்மடத்திலிருந்து மட்டக்களப்புக்குப் போய்வந்தாள். ஒக்டோபர் மாதக் கிளினிக்கில் டொக்டர் அவள் கணவன் சுதாகரனைப் பார்த்துச் சொன்னார்.

"மாரி வருது. இன்புளுவென்சாக் காய்ச்சல் ஊசி போடவேணும். இவங்களுக்கு எந்த நாள் எண்டு நான் சொல்லுறன். ஆனா மருந்து ஏத்துற உடம்பில அந்த ஊசி முழுசா வேலை செய்யும் எண்டு சொல்லேலாது. அதால வீட்டில புழங்குற எல்லாரும் போடுங்க. நீங்க கிருமியைக் கொண்டுவராட்டி இவங்களுக்கு வாறது குறையும்."

சுதாகரன் தபால் கந்தோரில் வேலை செய்பவன். இருமுகிறவர்களும் தும்முகிறவர்களும் நாள் முழுக்க அவன் முகத்துக்கு நேரேதான் நிற்பார்கள். மகள் கஜானி டியூஷன் வகுப்பில் நூறு பிள்ளைகளோடு நெருங்கி இருந்து படிப்பவள். நாலாவது ஆள் சுதாகரனின் அண்ணன் கனகசிங்கம். மனைவியை இழந்தவர், பக்கத்து வளவில் தனியே இருக்கிறார். வாவியில் வலை இழுத்துவிட்டு வந்தால் மூன்று நேரமும் தம்பி வீட்டில்தான் சாப்பாடு. கண்ணகைக்கு இந்த வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து நல்ல மீன் எதையும் அவர் சந்தைக்கு அனுப்பியதில்லை.

ஊசி மருந்துக்காக சுதாகரன் இரண்டு கிழமை அலைந்தான். கேட்ட பாமசிகளில் எல்லாம் "நாளைக்கு வந்து பாருங்க" என்றார்கள். கடைசியில் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் நாலு பேருக்கு ஒதுக்கிவைப்பதாகச் சொன்னார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனிடம் சொன்னான்.

"எனக்கென்ன வருத்தம்?" என்றார் கனகசிங்கம். "வருத்தக்காரி அவள். எனக்கெதுக்கு ஊசி?"

"உங்களுக்கு வந்தா அவளுக்கும் வரும் அண்ணன். அதுக்குத்தான்."

"கொரோனாவுக்கு மூணு போட்டனான். அது காணாதா?"

"அது வேற, இது வேற. இந்தக் கிருமி வருசா வருசம் மாறுது. அதான் வருசா வருசம் புது ஊசி."

"மாறுற கிருமிக்குப் பின்னால நீ ஓடித்திரி. என்னை விடு தம்பி."

டொக்டர் சொன்ன நாளில் மூன்று பேர்தான் போனார்கள். நாலாவதை என்ன செய்வது என்று தாதி கேட்டபோது சுதாகரனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் கஜானிக்குக் கை நொந்தது, உடம்பு லேசாகச் சுட்டது. ஒரே நாளில் சரியாகிவிட்டது. ஆனால் கனகசிங்கத்துக்கு அது போதும். கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். "சும்மா இருந்த பிள்ளைக்கு ஊசியால காய்ச்சல்."

டிசம்பரில் ஏழு நாள் விடாத மழை. எட்டாம் நாள் காலையில் கனகசிங்கம் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, கையில் மீன் பையோடு வந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் மூன்று தரம் இருமினார். சுதாகரன் ஓடிப்போய்க் வாசல் கடப்படியிலேயே மறித்தான்.

"உள்ள வராதீங்க அண்ணன். காய்ச்சல் காயுதெல்லோ."

"மழையில நனைஞ்ச தடிமன் இது. மீனைக் குடுத்திட்டுப் போறன்."

"மீன் வேணாம். வீட்டை போய்ப் படுங்க. சாப்பாடு அங்க வரும்."

கனகசிங்கம் தலையிலிருந்து துவாயை இழுத்தெடுத்தார். "அப்பா சாகக்குள்ள உனக்கு எட்டு வயசு. உன்னைத் தோளில தூக்கித் திரிஞ்சவன் நான். என்னை வாசல்ல நிக்கவைக்கிறாய்."

"அதுக்குத்தானே ஒக்டோபர்ல காலைப் பிடிச்சுக் கேட்டனான்!"

அவர் மீன் பையைச் சேற்றில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே கண்ணகை அழுதுகொண்டிருந்தாள். "என்னை வைச்சு அண்ணன் தம்பி பிரியிறீங்க. இதுக்கு நான் காய்ச்சல் வந்தே செத்திருக்கலாம்."

கஜானி முகக்கவசம் போட்டுக்கொண்டு பெரியப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்தாள். நாலாம் நாள் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் வேலிக்கு இப்பால் கேட்டது. சுதாகரன் ஓட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். இன்புளுவென்சா, நெஞ்சில் நிமோனியாவாக இறங்கியிருந்தது. எட்டு நாள் ஒட்சிசனோடு கிடந்தார்.

இடையில் கஜானிக்கும் காய்ச்சல் வந்தது. முன்னறையில் தனியே படுத்தாள், இரண்டு நாளில் எழும்பிவிட்டாள். கண்ணகைக்குத் தினமும் காலையும் மாலையும் சூடு பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஜனவரியில் மருந்து ஏற்றுவது குறித்த நாளிலேயே முடிந்தது.

சொந்தக்காரர்கள் அதைப் பேசவில்லை. கூடப்பிறந்தவனை வீட்டுக்குள் விடாதவன் என்றுதான் பேசினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பாதி உடம்பாக வந்த கனகசிங்கமும் வேலியோரம் நின்று கேட்டார்.

"அவளுக்கு ஒண்டும் வரல்லத்தானே? பிறகெதுக்கு என்னை வெளியில நிக்கவைச்ச நீ?"

சுதாகரன் தனக்குள் சொல்லிக்கொண்டான்: வந்த வருத்தத்தை ஆருக்கும் காட்டலாம். வராமல் போனதை எதைக்கொண்டு காட்டுவது? அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. சாப்பாடு மட்டும் கஜானி கையில் போய்வந்தது.

அடுத்த ஒக்டோபரில் சுதாகரன் மறுபடி நாலு ஊசிக்குச் சொல்லிவைத்தான். அண்ணனிடம் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. கழுத்துவரை முடி வளர்ந்திருந்த கண்ணகை பக்கத்து வளவுக்குப் போனாள்.

"அத்தான், நாளைக்கு ஒன்பது மணிக்கு ஓட்டோ வரும். நீங்க ஏறாட்டி நானும் ஏறமாட்டன்."

கனகசிங்கம் வலையைத் தைத்துக்கொண்டே "ம்" என்றார்.

மறுநாள் வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்து, முன்னால் சாரதியோடு ஏறிக்கொண்டார். டவுன் வரைக்கும் சாரதியோடுதான் கதை. கிளினிக்கில் சேட்டுக் கையைச் சுருட்டிக் காட்டிக்கொண்டு தாதியிடம் சொன்னார்.

"எனக்கு வந்தது நனைஞ்ச காய்ச்சல் பிள்ளை. இவள் கேட்டாள் எண்டுதான் வந்தனான்."

சுதாகரனுக்குச் சொல்ல நூறு பேச்சு வந்தது. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு அண்ணனுக்கு அடுத்த கதிரையில் இருந்து தன் சேட்டுக் கையைச் சுருட்டினான்.