கட்டி வைத்த கம்பி

அவர் உள்ளே நுழைந்தால், அத்தனை மெஷின் சத்தத்திலும் பேச்சு மட்டும் அடங்கிவிடும். சலவை ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் 'சகுனம்'. விபத்து நடந்த பிறகுதான், அதை விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வருவார். ரத்தம் துடைத்த இடத்தை அளப்பார், ஆளாளுக்குக் கேள்வி கேட்பார், போவார். அப்படிப்பட்ட மனுஷனோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? கேன்டீனில் அவர் மேஜைக்கு ஈகூட வராது. பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. தெரியாத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டார், வலிக்காமல் இருக்கத்தான் பழக முடியவில்லை.

இந்த முறை ஒரு அக்காவின் கை. விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு ரோலரில் அக்காவும் தங்கையும் ஷிப்டு மாற்றி நிற்பவர்கள். அக்காவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ரோலருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிட வேண்டும். அன்றைக்கு நிற்கவில்லை.

"கவனக்குறைவு சார். யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் மேனேஜர். மேஸ்திரியும் கவனக்குறைவு என்றார். கூட்டிப் பெருக்குகிறவர்கூட அதையேதான் சொன்னார். ஊரே ஒரே வார்த்தையைச் சொன்னால் சகுனத்துக்குப் பொறி தட்டும். கம்பியைத் தள்ளிப் பார்த்தார். மெஷின் சமர்த்தாக நின்றது.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே விரிப்புப் போட ஆரம்பித்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விரிப்பின் தடித்த ஓரம் கம்பியில் இடிக்கும், மெஷின் நிற்கும். மறுபடி ஓட்டுகிற பட்டனோ பின்பக்கம். சுற்றிப் போய் அழுத்திவிட்டுச் சுற்றி வந்தால் அடுத்த விரிப்பும் இடிக்கும். எந்த மகராசன் பட்டனை அங்கே கொண்டுபோய் வைத்தானோ! மதியத்துக்குள் அவருக்கு முட்டி கழன்றுவிட்டது. கம்பியை அசையாமல் கட்டிப்போட வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. அப்போது புரிந்தது. யாரோ கட்டியிருக்கிறார்கள், அவர் வருவதற்குள் அவிழ்த்துவிட்டார்கள்.

கம்பி கட்டியிருந்ததை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், பட்டனை முன்னால் மாற்றவைக்கலாம். சொல்லாவிட்டால் கவனக்குறைவு என்று கோப்பை மூடிவிடுவார்கள். கம்பியை மறுபடி யாராவது கட்டுவார்கள், அந்த ரோலரில் இனி நிற்கப்போவது தங்கை.

ஆஸ்பத்திரியில் அக்கா கல்லுளிமங்கி மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"உன் தங்கச்சியைத்தான் இனி முழு நேரமும் அந்த ரோலர்ல போட்டிருக்காங்கம்மா" என்றார்.

அவள் திரும்பினாள். "பேரு எழுதுவீங்களா?"

"எந்தப் பேரையும் எழுதினதில்ல. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

"அவதான் சார் கட்டினா. முட்டி வலி, சுத்திச் சுத்தி நடக்க முடியலன்னு நான் புலம்பினேன். அவ ஷிப்டு முடிஞ்சு போறப்ப, கிழிஞ்ச துணியால எனக்காகக் கட்டி வச்சிட்டுப் போனா. நான் பாத்தேன். சுகமா இருந்துச்சு, விட்டுட்டேன். ஆனா எதையுமே பாக்கலன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. அவகிட்டயும் மூச்சு விடாதீங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தார்.

அறிக்கையைப் படித்த மேனேஜருக்கு முகம் சுருங்கியது. "கட்டினது யாருன்னு போடலையே?"

"யாரு கட்டினா என்ன சார்? அந்த பட்டன் அங்க இருக்கிற வரைக்கும் யாராவது கட்டத்தான் செய்வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே பட்டனை முன்பக்கம் மாற்றினார்கள். சகுனம் ஓட்டிப் பார்த்து, திருப்தியாகி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் தங்கை வழிமறித்தாள்.

"நான்தான் சார் கட்டினேன். விஷயம் கேட்டு ஓடிவந்து அவுத்ததும் நான்தான். அக்காவுக்குத் தெரியாது. தெனமும் அவளுக்குச் சோறு ஊட்டுறேன், அவ சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிறா. எனக்குத்தான் தொண்டையில இறங்க மாட்டேங்குது. தெரிஞ்சா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டா."

'அவளுக்குத் தெரியும்மா' என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. இருதலைக்கொள்ளி எறும்பானார்.

"நீயே சொல்லிடும்மா."

"பயமா இருக்கு சார். கூட வர்றீங்களா?"

விபத்தைத் தவிர வேறெதற்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. உடனே போனார். வார்டு வாசலில் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் தங்கையின் தணிந்த குரல். பிறகு அழுகை. அதையும் மீறி அக்காவின் குரல்: "அடி பைத்தியமே, எனக்கு அன்னைக்கே தெரியும்டி!"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே இரண்டு பேரும் அழுதார்கள், திட்டிக்கொண்டார்கள், கடைசியில் சிரித்தார்கள். இப்போது கூப்பிடுவார்கள் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மறுபடி சிரிப்புத்தான் கேட்டது.

நர்ஸ் வந்தாள். "பாக்குற நேரம் முடியப்போகுது. நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?"

"யாரையும் இல்லம்மா" என்று எழுந்தார்.