ரேடியோவின் விரல்

அச்சகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலை ஒன்பதரைக்கு வாயைத் திறந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் மூடுவாள் என்பதால் வந்த பெயர். வெட்டி அரட்டை என்று நினைத்துவிட வேண்டாம், அதுதான் அவள் உத்தியோகம். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெய்லில் பாடப்புத்தகம் அச்சிடும் இடம் அது. பிறவியிலேயே பார்வை இல்லாத ரேடியோ, தாளில் புடைத்து நிற்கும் புள்ளிகளை வலது ஆள்காட்டி விரலால் தடவி உரக்கப் படிப்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் கமா அக்கா, கண் தெரிந்தவர், சாதாரணப் புத்தகத்தை வைத்து ஒத்துப் பார்ப்பார். ஒரு கமா குறைந்தாலும் மேசையைத் தட்டி நிறுத்திவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

பன்னிரண்டு வருடம் இப்படிச் சத்தமாகவும் சுமுகமாகவும் போயிற்று. போன வருடப் புவியியல் புத்தகத்தில்தான் வினை வந்தது. ஒரு பக்கம் இரண்டு தடவை அச்சாகி, அடுத்த பக்கம் வராமலே போய்விட்டது. இருநூறு பிரதிகள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஓர் ஆசிரியர் மிக மரியாதையாகப் போன் செய்து சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட ரேடியோவுக்கு ஆறியிருக்கும். சரிபார்க்கும்போது இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியது தன் கைதான் என்று அவளுக்குத் தெரியும். மேலாளர் விடுபட்ட பக்கத்தைத் தனியாக அச்சிட்டு அனுப்பிவிட்டு, மறந்தும் போனார். அவள் மறக்கவில்லை. ஒவ்வொரு தாளையும் மூன்று முறை படித்தாள். மதியச் சாப்பாட்டை மாலையில் சாப்பிட்டாள். படுக்கையில் புரண்டுகொண்டே பக்க எண்களை எண்ணினாள்.

அந்த மாதத்தில்தான் விரல் அரிக்க ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில் கடுகளவு நீர்க்கொப்புளங்கள். பிறகு தோல் உரிந்தது, தடித்தது, வெடித்தது. ஏதோ அழுக்குப் பட்டிருக்கிறது என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரும் கிருமிநாசினியுமாக ஒரு நாளைக்குப் பத்து தடவை கழுவினாள். அச்சகத்தில் புத்தகம் கட்டும் பைண்டர் பற்பசை தடவச் சொன்னார், தடவினாள். அவர் சொன்னாரே என்று தடவியதுதான், வேறு நியாயம் எதுவும் அதற்கு இல்லை. எரிச்சலில் உயிர் போயிற்று.

கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் ஊரே பதறும். விரல்நுனித் தோல் உரிகிறது என்றால் யார் பதறுவார்கள்? ஆனால் அந்த அரை அங்குலத் தோல்தான் ரேடியோவுக்குக் கண். அது மரத்துக்கொண்டே வந்தது. நான்கு புள்ளி இருக்கும் இடத்தில் இரண்டுதான் தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லாமல் இன்னும் அழுத்திப் படித்தாள். அழுத்த அழுத்தப் புள்ளிகள் நசுங்கின, விரலும் நசுங்கியது. இடது கையை முயன்று பார்த்தாள். அது பன்னிரண்டு வருடமாக வரி தவறாமல் காவல் காத்ததே தவிர, படித்துப் பழகியதில்லை. முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டியது.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் நடுவில் ஒருநாள் கமா அக்கா மேசையைத் தட்டினார்.

"என்னக்கா, கமாவா?"

"இல்ல. தாள்ல ரத்தம்."

ரேடியோ கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கமா அக்கா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். எதிரிலேயே உட்கார்ந்தும் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம்."

"பைத்தியக்காரி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலையே ரேடியோவின் கணவனுக்குப் போன் செய்து, மறுநாள் தோல் மருத்துவரிடம் அழைத்துப்போக வைத்தார்.

மருத்துவர் அவசரப்படாத அம்மாள். எப்போது ஆரம்பித்தது, அந்த மாதம் என்ன நடந்தது என்று கேட்டார். புவியியல் புத்தகத்தின் கதை முழுவதும் ரேடியோவின் வாயிலிருந்து வந்தது, கண்ணீரோடு.

"கவலை ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன்," என்றார் மருத்துவர். "சுடுதண்ணி, கிருமிநாசினி, நாள் முழுக்கத் தாள்ல உரசறது, எல்லாம் சேந்துதான். ஆனா மனசு இறுகிக் கிடந்தா தோலோட காவல் தளந்துடும். ஆற வேண்டியது ஆறாது. அரிக்கும், அதனால தூக்கம் போகும். தூக்கம் போனா இன்னும் அரிக்கும். அந்த வட்டத்துல மாட்டிக்கிட்டீங்க."

"திரும்பப் படிக்குமா டாக்டர்?"

"தோல் புதுசா வளரும். நீங்க விட்டாதான் வளரும். மூணு வாரம் இந்த விரலுக்கு லீவு."

"அதுக்கு லீவு விட்டா நான் குருடி ஆயிடுவேனே."

மருத்துவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். மிதமான தண்ணீர் போதும். வாசனை இல்லாத சோப்பு. கழுவினால் ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே களிம்பு. படுக்கும்போது களிம்பின் மேல் பருத்திக் கையுறை. எழுதிக் கொடுத்த மருந்துக் களிம்பு இரண்டு வாரத்துக்கு மட்டும், அதற்கு மேல் அவரைக் கேட்காமல் கூடாது. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம். "அப்புறம், இந்தப் புத்தக விஷயத்தை அங்க யார்கிட்டயாவது வாய்விட்டுப் பேசுங்க. அதுக்கு என்கிட்ட களிம்பு இல்ல."

லிஃப்ட் பழுது பார்ப்பவனான கணவன், வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் தேய்க்கும் இடத்தைக் கைப்பற்றினான். "இனிமே இந்தப் பக்கம் வராதே. உன் விரல் சம்பாதிச்சுத்தான் நம்ம வீட்டுக் கடனையே அடைச்சோம்," என்றான். கையுறையை அவனே மாட்டிவிட்டான். கையுறை மாட்டிய கையோடு வீட்டுக்குள் நடப்பது அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலிருந்தது. அவள் நாற்காலியில் இடித்துக்கொள்ள, இருவரும் சிரித்தார்கள். அவன் மீது அவளுக்கு அன்று பொங்கிய நன்றியை அவள் சொல்லத்தான் செய்தாள், அவன்தான் தட்டு கழுவும் சத்தத்தில் கேட்காத மாதிரி நடித்தான்.

அச்சகத்தில் கமா அக்கா அதற்குள் மேலாளரைப் பார்த்து ஏற்பாட்டையே தலைகீழாக மாற்றியிருந்தார். இத்தனை வருடத்தில் பிரெய்ல் எழுத்துகளை ஓரளவு அறிந்திருந்த கமா அக்காவே இனி புள்ளிகளைக் கண்ணால் பார்த்து உரக்கப் படிப்பார். புத்தகத்தைக் கணினிக் குரல் ரேடியோவின் காதில் வாசிக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அவள் கேட்டுச் சொல்ல வேண்டும். ரேடியோவுக்கே ஒரு ரேடியோ என்று அச்சகம் முழுக்கச் சிரிப்பு.

வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளிகளைக் கண்ணால் படிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. விளக்கைச் சாய்த்து வைத்து நிழலைப் பார்த்துத்தான் எழுத்தைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் கமா அக்கா கால் மணி நேரம் ஏதேதோ படித்தார். ஒன்றும் விளங்கவில்லை.

"அக்கா, இது எந்த ஊர் பாஷை?"

"தாள்ல இருக்கிறதைத்தான் படிக்கிறேன்."

ரேடியோ புறங்கையால் தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தாள் குப்புறக் கிடந்தது. எழும்பி நிற்கும் புள்ளிகளுக்குப் பதில் முதுகில் இருந்த குழிகளைப் பாடுபட்டுப் படித்துக்கொண்டிருந்தார் கமா அக்கா. மாதக்கணக்கில் ரேடியோ அப்படிச் சிரித்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் கமா அக்கா சொன்னார். "அந்தப் புவியியல் புத்தகம். நீ ரெண்டு தாளைச் சேத்துப் புரட்டினப்ப எனக்குப் போன் வந்திருந்தது. நீ படிச்சுக்கிட்டே போன, நான் தலையாட்டிட்டு இருந்தேன். பக்கம் தாண்டினதைப் பாக்க வேண்டியவ நான்தான்."

"ஏன்க்கா சொல்லல?"

"நீ சாப்பிடாம, பேசாம இருந்தியா, என் மேல கோவம்னு நினைச்சேன். பயந்துட்டேன்."

கோபப்பட ரேடியோவுக்கு உரிமை இருந்தது. ஆனால் ஐந்து மாதமாக ஒற்றை ஆளாகச் சுமந்த மூட்டையின் மறுமுனையை யாரோ பிடித்துத் தூக்கியது போல இருந்ததே தவிர, கோபம் வரவில்லை. அன்று கையுறையோடு படுத்தவள் விடிந்த பிறகுதான் எழுந்தாள்.

மூன்று வாரம் முடிந்தது. வெடிப்பு மூடி, தோல் மெலிந்து வழவழப்பாக வந்திருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் ஒரு நாளைக்கு அரைப் பக்கம் படிக்கலாம் என்றார். கமா அக்கா, ஏற்கெனவே இருவரும் சரி என்று முடித்து வைத்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"இதுல தப்பு இல்ல. சும்மா விரலைப் பழக்கு."

ரேடியோ விரலை வைத்தாள். முதல் வரியில் வெறும் சொரசொரப்புதான். அழுத்தாமல் மறுபடி போனாள். இரண்டாவது வரியில் ஓர் எழுத்து, பிறகு ஒரு சொல். திக்கித் திக்கிப் படிக்க ஆரம்பித்தாள். தண்ணீரைச் சூடாக்கும் பரிசோதனை அது. முதல் படி, இரண்டாம் படி. அங்கே விரல் நின்றது. பின்னால் போய்விட்டு மறுபடி வந்தது.

"அக்கா, ரெண்டுக்கு அப்புறம் நாலு வருது."

கமா அக்கா புத்தகத்தைப் புரட்டினார். மூன்றாம் படி அதில் இருந்தது: அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரம் ஆறும்வரை காத்திருக்கவும். பிரெய்லில் அது இல்லை. நான்காம் படி, பாத்திரத்தைக் கையில் எடுக்கவும்.

தடவித் தடவிப் படிக்கும் பிள்ளைகளின் விரல்கள் ரேடியோவின் நினைவுக்கு வந்தன. விரல் மறுபடி அரித்தது. அவள் சொறியவில்லை, அந்தக் கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"விட்டுட்டோம்க்கா."

"ஆமா, ரெண்டு பேரும்தான் விட்டோம்," என்றார் கமா அக்கா. "என் கண்ணுக்கும் தப்பிச்சது, உன் காதுக்கும் தப்பிச்சது. இப்ப எதுல மாட்டிச்சு, சொல்லு."

ரேடியோ வழவழவென்றிருந்த அந்த விரல்நுனியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.