வாணாம் என்றொரு வார்த்தை

“என் பேரு சின்னதுரை. வயசு இருபத்திரண்டு. இப்ப இருக்கறது ஒரகடம், ஊரு மலையில, கரியாலூருக்கு மேல.”

செல்போனை உதட்டருகே பிடித்துக்கொண்டு சின்னதுரை இதை மூன்று தடவை சொன்னான். புதிதாக இறக்கிய ‘வாய்மடல்’ செயலிக்கு முதலில் ஆளின் குரல் பழக வேண்டுமாம். அதற்குத்தான் பேரும் வயதும் இடமும். மூன்றாவது தடவையில் பச்சை டிக் விழுந்தது. ‘எனது பெயர் சின்னதுரை. நான் தற்போது ஒரகடத்தில் வசித்து வருகிறேன்’ என்று எழுத்துகள் வந்து நின்றன.

பக்கத்துப் பாயில் படுத்திருந்த மாயவனிடம் பெருமையாகக் காட்டினான். மாயவன் நைனார்பாளையத்துக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே கிடங்கில் பார்சல் ஸ்கேன் செய்யும் வேலை.

“நீ பேசனா மாதிரியா இருக்குது? தாசில்தார் பேசனா மாதிரி இருக்குது” என்றான் மாயவன்.

சின்னதுரைக்கு அதுவே பிடித்திருந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் அந்த அறையில் அவன் தீர்ப்புதான் செல்லும். பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததற்கே நாலாயிரம் அடி நடந்ததாகச் சொன்ன கைக்கடிகாரத்தைப் பொய்சாட்சி என்று பேர் வைத்துக் கழற்றி எறிந்தவன் அவன். எந்த போன் சூட்டில் நிற்கும், எந்த சார்ஜர் ஆறு மாதத்தில் செத்துப்போகும் என்று கேட்கப் பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் ஆள் வரும். ஆனால் தமிழை விரலால் தட்டச் சொன்னால் அவனுக்கு வேர்த்துவிடும். எந்த ன, எந்த ர என்று யோசித்து யோசித்தே சொல்ல வந்தது தொலைந்துபோகும். வாய்மடல் அந்தப் பயத்தை ஒரே நாளில் போக்கிவிட்டது. சொன்னதைக் கேட்டு, திருத்தி, மெருகு போட்டு, ‘பிழையில்லை’ என்று முத்திரையும் குத்தியது. முதல் ஒரு மணி நேரத்திலேயே ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு எழுதித்தான் ஆகவேண்டும். அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது. தங்கை செவ்வந்தி முக்கால் மைல் நடந்து ரோட்டு வளைவுக்கு வந்தால் ஒரு கோடு, அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு கோடு வரும். அங்கே குரல் பதிவு அனுப்பினால் திறக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்து மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அதை அவள் வீட்டுக்குப் போய் அம்மா பெரியம்மாளுக்குப் படித்துக் காட்டுவாள்.

புதன்கிழமை அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தரகர் கண்ணாயிரம் மலைக்கு வந்திருக்கிறாராம். நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறாராம். மூன்று வருஷம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அண்ணனைக் கேள் என்கிறாள், என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாள். செவ்வந்திக்குக் கள்ளக்குறிச்சியில் காலேஜ் சீட் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும். போன வருஷம் இதே கண்ணாயிரம் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளின் மகள், மாசத்துக்கு ஒரு தடவைகூட வீட்டோடு பேச முடியாமல் கிடக்கிறாள் என்பது சின்னதுரைக்குத் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை பத்து நிமிஷம். ஒரு கையில் சோற்று டப்பா, ஒரு கையில் போன். வாய்மடலைத் திறந்து சொன்னான்: “அந்த மில்லு பேச்சே வாணாம். செவ்வந்திய அனுப்ப வாணாம். ஞாயித்துக்கெழம நான் வந்துடறேன், பேசிக்கலாம்.” பிழையில்லை என்று முத்திரை விழுந்தது. அனுப்பிவிட்டு ஓடினான். முத்திரை குத்திய கடுதாசியை யார் மறுபடி படிப்பார்கள்?

பதில் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வந்தது; வேலைக்கு நடுவில் அவன் அதைத் திறந்தபோது மணி மூன்றரை.

‘ண்ணா, நீ எழுதனத அம்மாவுக்கு ரெண்டு தடவ படிச்சு காட்டனேன். காலேஜில சேத்து வுடறேன்னு சொன்னதும் நீதான், இப்ப மில்லு வானம் மாதிரின்னு சொல்றதும் நீதான். பரவால்ல. ஞாயித்துக்கெழம வரைக்கும் நிக்காதாம், இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கே கரியாலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வேன் வருது. துணி எடுத்து வச்சிட்டேன். உங்கிட்ட சண்ட போடமாட்டேன்.’

வானமா? சின்னதுரை தான் அனுப்பியதை மேலே தள்ளிப் படித்தான். ‘அந்த மில் வாய்ப்பு வானம் போன்றது. செவ்வந்தியை அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்துவிடுகிறேன், பேசிக்கொள்ளலாம்.’ கமாவும் புள்ளியும் அச்சடித்ததுபோல் அவ்வளவு ஒழுங்காக இருந்தன.

முதல் வாணாம் வானமாகிவிட்டது. வானம் தனியாக நிற்கிறதே என்று மெஷின் அதற்கு ஒரு உவமையும் ஜோடித்திருக்கிறது. இரண்டாவது வாணாம், வேண்டும் ஆகிவிட்டது. அவன் வாயால் அவன் தங்கையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

ஸ்கேனரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். செவ்வந்திக்கு ஏழு தடவை அடித்தான்; தொடர்பு எல்லைக்கு வெளியே. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் ரங்கம்மாளுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. இப்போது பஸ் ஏறினால் கள்ளக்குறிச்சியைத் தொடுவதற்குள் வேன் மலை இறங்கிவிடும்.

மலைக்காரர்கள் பஸ் நேரம் கேட்டுக்கொள்வதற்கென்று போனில் ஒரு குழு இருந்தது. நூற்றெழுபது பேர். யார் மலையில் இருக்கிறார்கள், யார் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. சின்னதுரை பதற்றத்தில் பழக்கதோஷமாக மறுபடி வாய்மடலையே திறந்து, செவ்வந்தியை வேனில் ஏற்ற வாணாம் என்று கத்திச் சொல்லிக் குழுவில் தள்ளினான். வந்து விழுந்த பிறகு படித்தால், ‘செவ்வந்தி வேனில் ஏற்ற வானம்’. இன்னொரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னான். ‘செவ்வந்திப் பூக்களை வேனில் ஏற்ற வேண்டும்.’

குழு சிரித்தது. எத்தனை கூடை, மாப்ள என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் பூ விலை கேட்டான்.

திருத்துவதை நிறுத்துவதற்கு ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று தேடினான். எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம், கவிதை நடை, அலுவலக நடை என்று நாலு விதம் வைத்திருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுது என்று மட்டும் ஒன்று இல்லை. ஆத்திரத்தில் உதவி எண்ணை அழுத்தினான். கமலா என்று பேர் சொல்லி ஒரு பெண் பேசினாள். அவன் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமைதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

“உச்சரிப்ப கொஞ்சம் சரி பண்ணிக்கிட்டீங்கன்னா நல்லா வரும் சார்” என்றாள். “வேண்டாம்னு தெளிவா சொல்லிப் பாருங்க. வாணாம்னு ஒரு வார்த்த எங்க லிஸ்ட்லயே இல்ல.”

“இல்லாத வார்த்தயாங்க?” சின்னதுரை விடவில்லை. “எங்கம்மா வாணாம்டான்னு சொன்னா அடுப்புகிட்ட போன கைய இழுத்துக்கினவன் நான். எங்க மலையில ஒருத்தர் வாணாம்னா அத்தோட பேச்சு முடிஞ்சிது. உங்க மெஷினுக்கு புரியலன்னா புரியலன்னு எழுதிட்டு போவட்டும். தெரியாதவன் வாய மூடிக்கினு இருப்பான். இது தெரிஞ்சா மாதிரி எழுதி, பிழையில்லன்னு முத்திர வேற குத்துது. என் தங்கச்சி நான் எழுதனேன்னு நம்பி துணி மடிச்சி வச்சிக்கினு நிக்கிறா.”

கமலா தணிந்த குரலில், புகாராகக் குறித்துக்கொள்வதாகவும், தன் கையில் வேறொன்றும் இல்லை என்றும் சொன்னாள். அழைப்பு முடிந்ததும், இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று திரை கேட்டது.

மணி நாலு பத்து.

மாயவன் பின்னாலேயே வந்திருந்தான். மேற்பார்வையாளர் தேடுவதாகச் சொல்ல வந்தவன், சின்னதுரையின் முகத்தைப் பார்த்து, குடு, நான் தட்டறேன் என்று கை நீட்டினான்.

“நீ தட்டனா நீ எழுதனதா ஆயிடும். இது என் வாயில வரணும்” என்று சின்னதுரை போனைக் கொடுக்கவில்லை.

வாய்மடலை அழித்தான். சாதாரண எழுத்துப் பலகையைத் திறந்தான். விரல் வேர்வையில் வழுக்கியது. வ வந்தது, கால் வந்தது. மூன்று சுழி ணகரத்தைத் தேடும்போது பலகையே, வேணும் போடட்டுமா, வானம் போடட்டுமா என்று மேலே வார்த்தைகளை நீட்டியது. அதையும் அணைத்தான். இனி தப்பாக இருந்தாலும் தன் தப்பாகவே இருக்கட்டும் என்று, பேச்சில் வருவதை அப்படியே ஒவ்வொரு எழுத்தாக இறக்கினான். இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை, பெரியம்மாளும் செவ்வந்தியும் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்துவிட்டு, நாலு இருபத்தேழுக்குக் குழுவில் போட்டான்.

‘கரியாலூர் பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கறவங்களுக்கு. மேல வந்த ரெண்டும் மெஷின் எழுதனது, அத வுட்டுடுங்க. பூவும் இல்ல கூடையும் இல்ல. இது சின்னதுரை கையால எழுதறது. அஞ்சு மணிக்கு கண்ணாயிரத்தோட மில்லு வேன் வரும். எங்கம்மா பெரியம்மாளும் தங்கச்சி செவ்வந்தியும் துணிப்பையோட நிப்பாங்க. செவ்வந்திய வேன்ல ஏத்த வாணாம். ஏத்த சொன்னது நான் இல்ல. திங்கக்கெழம அவ காலேஜில சேரணும். ஃபோன் அடிச்சா கெடைக்கல, அதான் உங்கள கேக்கறேன். இத படிக்கறவங்க யாரா இருந்தாலும் கொஞ்சம் எழுந்து போயி, வேன் கதவ சாத்தறதுக்குள்ள அவகிட்ட இத படிச்சு காட்டுங்க.’