பழைய காசுக்கு எத்தனை புள்ளி

எங்கள் நாணயச் சங்கத்தின் வருடாந்திரத் தரவரிசையில் ஆறு வருஷமாக முதலிடம் பல் டாக்டர் ட்ரெண்ட் ஆலர்ஸுக்குத்தான். அவரிடம் இருப்பது சேகரிப்பவர்களுக்கென்றே அரசாங்கம் வருஷா வருஷம் அடித்து விற்கும் வெள்ளி டாலர்கள். ஒருத்தர் விரலும் படாத காசு. ஒவ்வொன்றுக்கும் தரப்புள்ளி எழுபதுக்கு எழுபது. போனில் சொன்னால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். என்னிடம் இருப்பது 1793 முதல் 1857 வரையிலான பெரிய செம்பு சென்ட்டுகள். லாடம் அடித்தவனும் சாராயம் விற்றவனும் பையில் போட்டுத் தேய்த்த காசுகள். சராசரி இருபதைத் தாண்டாது. முப்பத்தைந்து வருஷம் அயோவா முழுக்க அலைந்து சேர்த்த எனக்கு நாலாவது இடம் கிடைத்தால் பெரிது.

தேய்மானத்தை மட்டும் பார்த்துப் புள்ளி போடுவது என்ன நியாயம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன். கிடைப்பதற்கு அரிய காசுக்குக் கூடுதல் மதிப்பு கொடுங்கள் என்பேன். டெல்மர் ஆரம்பித்துவிட்டான் என்று ஆட்கள் காப்பி எடுக்க எழுந்து போவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

என் வரிசையில் எல்லோரும் கேட்டுப் பார்ப்பது 1799-ஆம் வருஷத்துக் காசு. அந்த வருஷத்துக் காசு கிடைப்பது குதிரைக்கொம்பு. பத்தொன்பது வருஷத்துக்கு முன் எங்கள் கல்யாண நாளுக்கு என் மனைவி லோர்னா வாங்கிக் கொடுத்தது அது. அவள் அம்மாவின் பியானோவை விற்று வாங்கினாள். கண்காட்சிகளில் மேஜைக்குப் பின்னால் என் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் அதை அவள்தான் எடுத்துக் காட்டுவாள்.

அது போலி. அவள் கொடுத்த அன்றே லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 1798 காசின் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கியிருந்தான் எவனோ. அவள் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழகாக இருக்கிறது என்றேன். அதற்கப்புறம் அந்தக் காசைப் பார்க்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தெரியும், வலிக்காது.

இந்த வருஷம் ஒருவழியாக என் தீர்மானத்தை ஓட்டுக்கு விடச் சம்மதித்தார்கள். சங்கத்தின் செயலாளர் லோர்னா. விதிகளைத் தட்டச்சு செய்தவள் கடைசியில் தானாகவே ஒரு வரி சேர்த்தாள்: அரிய காசுக்கான கூடுதல் புள்ளி வேண்டுமானால், அந்தக் காசு அசலா போலியா என்று சோதிக்கும் தரச்சான்று நிறுவனத்துக்குப் போய், முத்திரையிட்ட பெட்டியில் திரும்பி வந்திருக்க வேண்டும். யாரும் நம்மைக் குறை சொல்லக்கூடாது என்றாள். 1799-ஐப் பஞ்சு வைத்துப் பொதிந்து, விலாசமும் எழுதிவிட்டாள். தீர்மானம் நிறைவேறினால் திங்கட்கிழமை தபாலில் போகும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

சனிக்கிழமை மதியம் முன்னாள் படைவீரர்களின் லீஜன் ஹாலில் கூட்டம். ஹாம் சாண்ட்விச்சும் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பும் முடிந்ததும் ஓட்டு. செயலாளருக்கு ஓட்டு கிடையாது. எண்ணி எழுதுவது மட்டும்தான் அவள் வேலை. தீர்மானம் கொண்டுவந்தவன் கடைசியில் கை தூக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

முதல் கை ட்ரெண்ட்டுடையது. தீர்மானத்துக்கு ஆதரவாக.

"என்னப்பா பாக்குறீங்க? நான் பணத்தக் குடுத்து டப்பாவோட வாங்குனேன். அவன் தேடிப் பிடிச்சான். ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

அவர் மேல் ஆறு வருஷமாக வைத்திருந்த கோபத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஆதரவாக ஆறு, எதிராக ஆறு என்று எழுதிவிட்டு லோர்னா என்னைப் பார்த்தாள். சிரித்தாள். ஏழு என்று எழுதப் பேனா காகிதத்தில் ஊன்றியிருந்தது.

என் முறை வந்தது. ஆதரவா என்று தலைவர் கேட்டபோது சும்மா இருந்தேன், எதிர்ப்பா என்றபோது கை தூக்கினேன்.

விளங்காமல் தூக்கிவிட்டேனா என்று தலைவர் மறுபடி கேட்டார். விளங்கித்தான் என்றேன். லோர்னா எழுதினாள். அவள் கையெழுத்து எப்போதும் போல நேராகவே இருந்தது.

காரில் மூன்று மைல் தாண்டியிருந்தோம். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த சோளக்காடு. லோர்னா முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காசு நெசம் இல்ல, அப்படித்தானே?"

"ஆமா."

"எப்போலேருந்து தெரியும்?"

"நீ குடுத்த அன்னைக்கே."

அவள் அழவில்லை. நான் மனசு நோகக்கூடாதென்றுதான் சொல்லவில்லை என்றேன். பத்தொன்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது. வாய்விட்டுச் சொன்னபோது அதில் சாரமே இல்லை.

"ட்ரெண்ட் அத லென்ஸ் வச்சுப் பாத்திருக்கானா?"

"ரெண்டு மூணு தடவ. நீதான் குடுத்த."

"அப்போ அவனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சிருக்கும்."

"மத்தவங்களுக்கு?"

எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். கொஞ்சம் விவரம் உள்ள எவனுக்கும் அந்த ஒன்பது செதுக்கியது என்று தெரியும்.

"ஊர் பூரா ஒவ்வொருத்தனையா கூப்பிட்டுக் காட்டுனேன், டெல்மர்," என்றாள். "நீ பக்கத்துலயே நின்ன."

வீடு வந்தது. நான் எஞ்சினை அணைத்தேன். அவள் இறங்கவில்லை. எனக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். நீ முதலில் உள்ளே போ என்றாள்.