படுத்தால் நடக்கும் கால்கள்

லிஃப்டுக்காரருக்குப் படுக்கை என்றாலே பயம் வந்துவிட்டது. இருபது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒன்பது மாடி, பன்னிரண்டு மாடி என்று பகல் முழுக்க ஏறி இறங்கும்போது கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. வீட்டுக்கு வந்து அக்கடா என்று உட்கார்ந்தால்தான் தொல்லை ஆரம்பிக்கும். முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில் ஏதோ ஊர்வது போல இருக்கும். அதை வலி என்று சொல்ல முடியாது, அரிப்பும் இல்லை. காலை ஆட்டினால் ஒரு நிமிஷம் அடங்கும். நிறுத்தினால் மறுபடி ஊரும். படுத்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் தையல்காரி. படுக்கை விரிப்புகள் கால்மாட்டில் மட்டும் நைந்துபோவதை முதலில் கவனித்தது அவள்தான். இரண்டு விரிப்புக்கு ஒட்டுப் போட்டாள். மூன்றாவது கிழிந்தபோது, "இது துணிக் கோளாறு இல்ல, உங்க கோளாறு" என்றாள். கைக்கு எட்டிய வைத்தியமெல்லாம் செய்து பார்த்தார்கள். மெத்தையை மாற்றினார்கள். காலுக்கடியில் தலையணை வைத்தார்கள். இறுக்கமான காலுறை போட்டுப் பார்த்தார். ஜலதோஷ மாத்திரை தூக்கம் தரும் என்று யாரோ சொல்ல, அதையும் ஒன்று போட்டுக்கொண்டார். அன்று விடியும்வரை கூடத்தில் நடந்தார். கண் செருகுகிறது, கால் விடமாட்டேன் என்கிறது. அப்படியொரு அவஸ்தையை அவர் அதுவரை பட்டதில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம், "கால் ஆடுதுன்னு போய் நின்னா சிரிப்பாங்க" என்று தட்டிக் கழித்தார்.

ஒரு புதன்கிழமை, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலை. லிஃப்ட் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளாவிட்டால் லிஃப்ட் நகராது, அதுதான் பாதுகாப்பு. பூட்டில் கோளாறு தேடும்போது மட்டும் ஒரு துண்டு வயரைப் போட்டு அந்தப் பாதுகாப்பைத் தற்காலிகமாக ஏமாற்றுவார்கள். வேலை முடிந்ததும் முதல் காரியமாக வயரை எடுத்துவிட வேண்டும். மதியம் அங்கே முடித்து, வேறு கட்டடத்துக்கும் போய்விட்டுச் சாயங்காலம் வண்டியில் வீடு திரும்பும் வழியில் அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் எழுந்தது. வயரை எடுத்தோமா? தூக்கமில்லாத தலைக்கு எடுத்தது போலவும் இருந்தது, எடுக்காதது போலவும் இருந்தது. வண்டியைத் திருப்பினார். கட்டடத்துக்குள் நுழைந்தபோது பள்ளிப் பைகளோடு மூன்று பிள்ளைகள் லிஃப்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். லிஃப்டை நிறுத்திவிட்டு, மேலே இயந்திர அறைக்குப் படியேறி ஓடினார்.

வயர் அங்கேயே இருந்தது.

ஐந்து மணி நேரம் அந்த லிஃப்ட் அப்படியே ஓடியிருக்கிறது. கதவு திறந்திருக்கும்போதே நகர்ந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மேலதிகாரியிடம் தானே போய்ச் சொன்னார். தனியாக வேலைக்குப் போகக் கூடாது, உடம்பைக் காட்டிவிட்டு வா என்று உத்தரவாயிற்று.

டாக்டர் அம்மாள் சிரிக்கவில்லை. சாயங்காலம் அதிகமாகிறதா, நடந்தால் குறைகிறதா என்று கேட்டுவிட்டு, இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், அதாவது ஓய்வறியாத கால்கள் என்று பெயர், நிறையப் பேருக்கு உண்டு என்றார். பெயர் இருக்கிறது என்பதே லிஃப்டுக்காரருக்குப் பாதி ஆறுதல். ரத்தப் பரிசோதனை முடிவோடு மறுபடி போனபோது டாக்டரின் முகம் சுருங்கியிருந்தது. ரத்த அளவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது, ஆனால் உடம்பு சேர்த்து வைக்கிற இரும்புச் சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டது, கால் தொல்லைக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்.

"எங்கயாவது ரத்தம் போகுதா? மூலம், வயித்துப் புண்ணு?"

"அதெல்லாம் இல்லைங்க" என்றார் அவர்.

"போகுது" என்றாள் மனைவி. "இவரே குடுக்கிறாரு."

அவள் அக்காவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் எளிதில் கிடைக்காத ஓ நெகட்டிவ். லிஃப்டுக்காரருக்கும் அதே வகை. ஏழு வருஷமாகக் கொடுக்கிறார். மூன்று மாதம் ஆகாமல் ஓரிடத்தில் எடுக்க மாட்டார்கள் என்பதால், இரண்டு ரத்த வங்கிகளில் மாற்றி மாற்றி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கொடுத்து வந்தார். நடுவில் வரும் முறைகளுக்கு வேறு சில கொடையாளிகள் இருந்தார்கள். இரண்டு இடத்தில் கொடுப்பதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். குறைந்தது ஒரு வருஷம் கொடுக்கவே கூடாது, பிறகும் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றார்.

அடுத்த முறை கொடுக்க வேண்டிய நாளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அதில் ஒன்பது நாள் யார் சொல்வது என்பதிலேயே போயிற்று. டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியது. கடைசியில் மனைவி சொன்னாள்: "நான் சொன்னா அக்கா என்னைப் பார்ப்பா. நீங்க சொன்னா உங்களைப் பார்ப்பா. அந்தப் பார்வையை யாராவது ஒருத்தர் தாங்கித்தான் ஆகணும். வாங்க, ரெண்டு பேரும் போவோம்."

மனைவியின் அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். சகலை, தாள் நகலெடுக்கும் கடை வைத்திருப்பவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை டியூஷனுக்குப் போயிருந்தது நல்லதாயிற்று.

"எத்தனை நாளைக்குத் தம்பி?"

"ஒரு வருஷம்னாங்க."

அவள் ஒரு பாவாடையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "கால் ஆடுறதுக்கெல்லாமா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அந்த அரை வாக்கியம் லிஃப்டுக்காரரின் நெஞ்சில் குத்தியது. வயர் விஷயத்தைச் சொன்னார். பள்ளிப் பைகளோடு இறங்கிய பிள்ளைகளையும் சொன்னார். அவள் கை நின்றது. பாவாடையை மடிக்காமலே ஓரமாக வைத்தாள்.

சகலை தெருமுனைவரை கூடவே வந்தார். "நீங்க தூங்குங்க. நாங்க பாத்துக்கிறோம்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அன்றிரவு யோசித்ததில்தான் லிஃப்டுக்காரருக்கு அது தோன்றியது. லிஃப்டுக்குள் ஏறுகிற மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காகவே எதையாவது படிப்பார்கள். எத்தனை பேரை ஏற்றலாம், தீப்பிடித்தால் என்ன செய்யலாம் என்று எத்தனையோ முறை படித்ததையே மறுபடியும் படிப்பார்கள். விடிந்ததும் சகலைக்குப் போன் செய்தார். சகலை அறுபது தாள் அடித்துக் கொடுத்தார். ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், பன்னிரண்டு வயதுப் பெண், கீழே லிஃப்டுக்காரரின் தொலைபேசி எண். பதினோரு கட்டடங்களின் குடியிருப்போர் சங்கச் செயலாளர்களிடம் கேட்டதில் ஏழு பேர் லிஃப்டுக்குள் ஒட்ட அனுமதித்தார்கள்.

நான்கு நாள் யாரும் கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் ஒருவர் கூப்பிட்டு, மூன்றாவது மாடியில் லிஃப்ட் ஏன் குலுங்குகிறது என்று கேட்டார்.

ரத்தம் ஏற்ற வேண்டிய நாள் வந்தது. அவருக்குப் பதிலாக வர வேண்டிய கொடையாளிக்குக் காய்ச்சல். இரண்டு ரத்த வங்கியிலும் கையிருப்பு இல்லை. ஒரு நாள் தள்ளி, இரண்டு நாள் தள்ளி, நான்கு நாளாயிற்று. பிள்ளை வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. லிஃப்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரே ஒரு முறை, யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டு வரலாம் என்று எண்ணம். மனைவி வாசலில் வழிமறித்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் நகரவில்லை. அன்று கால்கள் ஓரளவு அடங்கித்தான் கிடந்தன. மனசுதான் ஓடியது.

மறுநாள் காலை, தாள் ஒட்டிய கட்டடம் ஒன்றில் நான்காவது மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் ஒருவர் கூப்பிட்டார். மதியமே போய்க் கொடுத்தார். அந்த மாதத்துக்குள் இன்னும் ஆறு பேர் கூப்பிட்டார்கள். அதில் இருவருக்கு எடை போதவில்லை, ஒருவருக்கு வகையே வேறு. மீதி மூன்று பேர் பட்டியலில் சேர்ந்தார்கள்.

தூக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தார். மதியத்துக்குப் பிறகு டீயை விட்டார், அதுதான் பெரிய தியாகம். படுக்குமுன் கூடத்தில் பத்து நிமிஷம் நடந்து, சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை இழுத்துவிட்டு, வெந்நீரில் காலை நனைத்துவிட்டுப் படுத்தார். மனைவி ஒரு சின்னத் தலையணை தைத்து முழங்கால்களுக்கு நடுவில் வைக்கச் சொன்னாள். கால் ஊர ஆரம்பித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் எழுந்து நடந்துவிட்டு வந்தார். மூன்றாம் மாதத்தில் வாரத்துக்கு நான்கு இரவு தூங்கினார். ஐந்தாம் மாதம் தனியாக வேலைக்குப் போக அனுமதி கிடைத்தது. ஆனாலும் ஒவ்வொரு கட்டடத்தை விட்டு வரும்போதும் வயர்களை எண்ணுகிறார். பையில் சரியாக இருந்தாலும் இன்னொரு தடவை எண்ணுகிறார்.

ஒரு சனிக்கிழமை மதியம், சகலைக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. லிஃப்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளைக்குத் துணையாக உட்கார்ந்தார். ரத்தம் ஏறி முடிய நான்கு மணி நேரம். இத்தனை வருஷம் கொடுத்தவர், ஏறுவதை உட்கார்ந்து பார்த்தது இல்லை. இரண்டு மணி நேரம் போனதும் கால் ஆரம்பித்தது. முட்டியால் கட்டில் காலை இடித்துக்கொண்டே இருந்தார் போலும்.

"சித்தப்பா, கட்டில் ஆடுது" என்றாள் அவள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "போய் நடந்துட்டு வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

அவர் எழுந்து தாழ்வாரத்தின் கோடிவரை போய்த் திரும்பினார். பிறகு இன்னொரு முறையும் நடந்தார். திரும்பி வந்தபோது ரத்தப் பையில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. யார் கொடுத்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவள் கன்னத்தில் நிறம் ஏறுகிறதா என்று பார்த்தார், சொட்டு விழுவதைப் பார்த்தார். நாற்காலியைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.