தட்டில் ஊற்றிய தண்ணீர்

மூன்றாவது தடவையும் என் செல்கள் செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் ஹரிஷ்குமாரின் கழுத்தைத்தான் நெரிக்கத் தோன்றியது. எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே குடியிருக்கும்.

சிவகாசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், கனகசபாபதி சாரிடம் நானும் ஹரிஷும் ஆராய்ச்சி செய்கிறோம். சர்க்கரை பட்டால் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தை உயிருள்ள செல்களுக்குள் வைத்திருந்தேன். அந்த ஒளி ஏறி இறங்குவதைப் பார்த்து, செல் எவ்வளவு வேகமாகச் சர்க்கரையைச் செலவழிக்கிறது என்று சொல்லிவிடலாம். திங்கட்கிழமைக்குள் அந்த ஒளியின் படங்களைச் சாரிடம் காட்டாவிட்டால் என் நாலு வருட வேலை ஹரிஷ் பெயருக்குப் போய்விடும்.

தட்டில் செல்கள் ஊறும் ரோஸ் நிறத் திரவம் வெளிறியிருந்தது. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வெறும் தண்ணீர் பட்டால் செல் ஊதி உடைந்துவிடும். கணினியில் படம் அளக்கிறவன் என்றாலும் ஹரிஷுக்கு அதுகூடவா தெரியாது? ஒரு டீ வாங்கித் தராத அமுக்குணி, முந்தின நாள் வடை வாங்கித் தந்தான். நான் தொடவில்லை. அவன் பெயரைப் போட்டே சாரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பியதும் பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டேன். வந்தது சண்முகத்தாய் அக்கா. அச்சங்குளத்துக்காரர், பட்டாசு வேலையை விட்டுவிட்டு இங்கே கூட்டிப் பெருக்க வந்தவர், இந்த மாதம்தான் எங்கள் மாடிக்கு மாறியிருந்தார். செல்களை வளர்க்கும் சூட்டுப்பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு தட்டிலும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். ஹரிஷ் எவ்வளவு கொடுத்தான் என்று கத்தினேன். அவர் பயப்படவே இல்லை.

"யாரும் சொல்லல பாப்பா. கலந்த மருந்த ராத்திரி தங்க வைக்கலாமா? பட்டாசுக் கம்பெனியில மிச்சத்துல தண்ணிய ஊத்திட்டுத்தான் வேன் ஏறுவோம். நீங்க பொடிய நிறுத்துக் கலக்கீக, சூட்டுப் பெட்டியில வச்சிட்டுப் போறீக. பக்கத்துல சிலிண்டரு வேற."

இது வெடிக்காது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று மறுபடி கத்தினேன். கேட்டால் நான் சிரிப்பேன் என்று நினைத்தாராம்.

"காலைல மொத ஆளா நீங்கதான கதவத் தெறக்கீக. பொன்மணியும் அப்படித்தான் மொத ஆளாப் போனா."

பொன்மணி அவருடைய மகள். பட்டாசு விபத்தில் போனாள் என்று தெரியும். முந்தின நாள் யாரோ மிச்சம் வைத்த கலவைதான் வெடித்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. பிடித்திருந்த கையை விட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை புகாரைத் திரும்பக் கேட்டேன். அப்படியானால் தண்ணீர் ஊற்றியது யார் என்றார் சார். பெயரைச் சொன்னால் அன்றைக்கே அக்காவின் வேலை போய்விடும். ஹரிஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் சார்," என்றேன். "பாட்டில் மாறிப்போச்சு."

மதியத்துக்குள் என் நாலு வருட வேலை ஹரிஷ் பெயருக்கு மாறியது.