மாதப்பன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

ஆறு வருஷமாகக் கிராம்பையும் புகையிலையையும் அடைத்து அந்தக் கடைவாய்ப் பல்லை ஏமாற்றி வந்தாள் வெள்ளையம்மா. இனி ஏமாற்ற முடியாது. மூத்த மகள் காவேரியைத் தலைப்பிரசவத்துக்கு வெள்ளிக்கிழமை அழைத்து வர வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்கிறவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூலையில் கிடந்தால் ஆகுமா? அதனால்தான் கணவன் மாதப்பனோடு பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தாள்.

பல் டாக்டர் சென்னகிருஷ்ணன் ஜவுளிக்கடை மாடியில் இருந்தார். கட்டணம் குறைவு என்பதால் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. நாற்காலிகூட முடிவெட்டுகிற கடையில் பழசாக வாங்கியதாம். ஊசி போட்டார், குறடை உள்ளே விட்டார். எங்கோ தூரத்துக் காட்டில் மரம் முறிகிற மாதிரி தலைக்குள் ஒரு சத்தம். பல் தட்டில் விழுந்தது.

"அவ்வளவுதாம்மா. இதுக்கா ஆறு வருஷம் பயந்தே?"

"அவளுக்கு என்னைக் கண்டா மட்டுந்தான் பயமில்ல டாக்டரே, மத்த எல்லாத்துக்கும் பயம்" என்று மாதப்பன் சிரித்தான்.

சிரித்த வாயையே டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வந்து உக்காருங்க."

"எனக்குப் பல்லு வலி இல்லீங்களே."

"பரவால்ல, உக்காருங்க."

மாதப்பனின் பற்களில் பழுப்புக் கோடுகள், சுண்ணாம்பு அப்பினாற்போல் திட்டுகள், சின்னச் சின்னக் குழிகள். "எங்க ஊர்ல பொறந்தவங்க எல்லாருக்கும் இப்படித்தாங்க. சந்தையில வாயத் தொறந்தாலே எந்த ஊருன்னு சொல்லிருவாங்க" என்றான்.

"அம்மாவுக்கு அப்படி இல்லியே?"

"அவ தேன்கனிக்கோட்டைக்காரி. கட்டிகிட்டு வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு."

டாக்டர் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு, மோவாய் நெஞ்சில் படும்படி குனியச் சொன்னார். நான்கு விரற்கடை இருக்கும்போதே மாதப்பனின் கழுத்து நின்றுவிட்டது. "வயக்காட்டு வேலைங்க, பிடிச்சுக்கும்" என்றான். டாக்டர் வெள்ளையம்மா பக்கம் திரும்பினார். அவளும் குனிந்தாள். அவளுக்கும் நின்றது.

"உங்க ஊர்ல கூனிப்போனவங்க உண்டா?"

"எங்கப்பா அப்படித்தான் போனாரு. கடைசி அஞ்சு வருஷம் மண்ணத்தான் பாத்தாரு. முனியப்பன் குத்தம்னு கெடா வெட்டினோம்."

"என்ன தண்ணி குடிக்கறீங்க?"

மாதப்பன் முகம் மலர்ந்தது. "எங்க கெணத்துத் தண்ணிங்க. எங்க தாத்தா பாறைய உடைச்சு வெட்டினது. பஞ்சத்துல ஏரி காஞ்சு வெடிச்சப்பக்கூட ஒரு சாண் எறங்கல. ஊரே அதத்தான் குடிக்குது."

"நெல்லூர்ப் பக்கம் இதே பல்லையும் இதே கழுத்தையும் பாத்திருக்கேன்" என்றார் டாக்டர். "பாறையில இருக்கற ஒரு உப்பு தண்ணியில கலந்து வருது. காய்ச்சினாலும் போகாது. வளர்ற வயசுல பல்லைப் பிடிக்கும். அப்புறம் எலும்பை."

"வயித்துல இருக்கற பிள்ளைக்கு?" வாயில் பஞ்சோடு கேட்டாள் வெள்ளையம்மா.

"தெரியாதும்மா. நான் பல்லு பாக்கறவன்."

ஊத்தங்கரை பஸ்ஸில் மாதப்பன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான். மத்தூர் தாண்டித்தான் வாயைத் திறந்தான். "இது வெளிய வரக் கூடாது. தெரிஞ்சா நம்ம ஊர்ப் பொண்ண எவன் கட்டுவான்? முனிலட்சுமிய நெனச்சுக்கோ."

சின்ன மகள் முனிலட்சுமியைக் காவேரியின் கொழுந்தனுக்கே பேசி வைத்திருந்தார்கள். தையில் கல்யாணம்.

"அப்ப காவேரி? அவளும் பொறக்கற பிள்ளையும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கணும்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் மூடிக்கொண்டான்.

காவேரியைக் கொடுத்த ஊரான சாமல்பட்டி வந்ததும் வெள்ளையம்மா எழுந்து இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவனும் இறங்கினான்.

சம்பந்தி நாராயணம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க சம்பந்தி! வெள்ளிக்கிழமைன்னுட்டு இன்னிக்கே வந்துட்டீங்க? கன்னம் ஏன் வீங்கியிருக்கு, அண்ணன் கை வச்சுட்டாரா?"

"வெள்ளிக்கிழமை வரல சம்பந்தி. பிரசவம் இங்கயே ஆகட்டும்."

முறம் நின்றது. "தலைப்பிரசவத்த எங்க தலையில கட்றீங்களா? ஒரு படி அரிசிக்கு வக்கில்லியா உங்க வீட்ல?"

"இல்லதான்" என்றாள் வெள்ளையம்மா. பதினெட்டு ஏக்கர்க்காரன் பெண்டாட்டி அதைச் சொன்னாள். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

உள்ளிருந்து வந்த காவேரியின் காதில் அது விழுந்துவிட்டது. முகம் சுருங்கிப்போய், அம்மாவைப் பார்க்காமலே செம்பை நீட்டினாள். வெள்ளையம்மா ஒரு வாய் குடித்தாள். ரத்தம் கசிகிற வாயிலும் பழகிய ருசி தெரிந்தது.

"இது எந்தத் தண்ணிடி?"

"நம்ம கெணறுதான். மசக்கையில வேற தண்ணி வயித்துல நிக்கலன்னு அப்பாகிட்ட சொன்னேன். ஆறு மாசமா நம்ம ஊர்க் கங்கப்பன் வண்டியில குடம் குடமா வருது, அப்பா உங்கிட்டச் சொல்லலியா? இப்ப வீட்ல எல்லாருமே அதத்தான் குடிக்கறோம்."

மாதப்பன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளையம்மா அடுக்களைக்குள் போனாள். இரண்டு குடங்களையும் தூக்கிவந்து வாசலில் கவிழ்த்தாள்.

"பேய் பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினாள் நாராயணம்மா.

வெள்ளையம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பல்லைச் சொன்னாள், கழுத்தைச் சொன்னாள், மண்ணைப் பார்த்தே செத்த மாமனாரைச் சொன்னாள். நடுவில் மாதப்பன், "போதும்டி" என்றான். அவள் நிறுத்தவில்லை.

நாராயணம்மா முறத்தைக் கீழே வைத்தாள். மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அன்றாடம் பார்த்த காவேரியின் பற்களை, யாரோ அந்நியப் பெண்ணின் பற்களைப் போலப் பார்த்தாள்.

"சின்னவளும் இந்தத் தண்ணியில வளந்தவதானே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் வெள்ளையம்மா.